ரோபோகாப் கையிலிருந்த துப்பாக்கி

கேள்வி: 'ரோபோகாப்' (1987) படத்தில் இயந்திரப் போலீஸாக வரும் நாயகன் தொடையிலிருந்து எடுக்கும் துப்பாக்கி நிஜமா? கானாடுகாத்தான் வீடொன்றில் குறும்படம் எடுக்கிறோம், அதுபோல் வேண்டும். – வாசகர், காரைக்குடி

பதில்: உள்ளே இருப்பது நிஜம்தான்: இத்தாலியின் பெரெட்டா 93ஆர். 9 மி.மீ. தோட்டா, விசையை ஒருமுறை அழுத்தினால் மூன்று குண்டுகள் பாயும். குழலை நீட்டி, பெரிய உறை மாட்டி, படத்தில் வரும் 'ஆட்டோ 9' துப்பாக்கி ஆக்கினார்கள். நாயகனின் அவ்வளவு பருமனான கவசத்துக்கு முன் சாதாரணக் கைத்துப்பாக்கி எடுபடாது.

வெற்றுத் தோட்டாப் பக்கமே போகாதீர்கள். குண்டு இல்லாவிட்டாலும் குழல் வாயில் சீறும் வாயு, அருகில் நிற்பவரின் உயிரை எடுத்துவிடும்.

மரத்தில் செதுக்குங்கள். பளபளக்கும் பெயின்ட் விளக்கொளியில் பொம்மையைக் காட்டிக்கொடுக்கும். பளபளப்பில்லாத கறுப்பு அடித்து, காய்ந்ததும் விளிம்புகளில் மட்டும் பென்சில் கரித்தூளை விரலால் தேயுங்கள், தேய்ந்த இரும்பு போலவே இருக்கும். பிடிக்குள் இரும்புத் துண்டு வையுங்கள். கனமில்லாத துப்பாக்கியை நடிகரின் மணிக்கட்டே சொல்லிவிடும்.

தீப்பொறியை எடிட்டிங்கில் சேர்க்கலாம். ஆனால் செட்டிநாட்டு வீடுகளின் ஆத்தங்குடிக் கல் பதித்த தரையும் வழவழப்பான சுண்ணாம்புச் சுவரும் வெளிச்சத்தைத் திருப்பியடிப்பவை. சுடும் கணத்தில் எல்.இ.டி. விளக்கை மின்னவிடாவிட்டால் பொறி ஒட்டவைத்ததுபோல் தெரியும். படப்பிடிப்புக்கு முன்பே காவல் நிலையத்தில் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.