புது டெஸ்க்டாப்பை அறிவித்துவிட்டார்கள், கடையில் ஏன் இன்னும் இல்லை?

மேடையில் காட்டுவது வேறு, கடைக்கு வருவது வேறு. ஆப்பிளின் 2012 ஐமேக் டெஸ்க்டாப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆப்பிள் அறிமுகப்படுத்தியது அக்டோபர் 23. அதில் 21.5 அங்குல மாடல் கடைக்கு வந்தது நவம்பர் 30. 27 அங்குலம் டிசம்பருக்குப் போய்விட்டது, அதுவும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான்.

தாமதம் ஏன்? அந்த ஐமேக்கின் மெலிந்த விளிம்பு வெறும் 5 மில்லிமீட்டர். அதற்காகக் கண்ணாடியையும் திரையையும் நடுவில் இடைவெளியே இல்லாமல் ஒட்டினார்கள். அலுமினிய உடலின் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் உராய்வு வெல்டிங்கில், அதாவது உராய்வுச் சூட்டில் உலோகத்தை இளக்கி, இணைத்தார்கள். மளமளவென்று செய்து தள்ளுகிற வேலையா அது? புத்தாண்டுக்குப் பிறகே அறிவித்திருக்கலாம் என்று அப்போது ஆப்பிளின் தலைமைச் செயல் அதிகாரியாக இருந்த டிம் குக்கே 2013இல் சொன்னார்.

சரி, வாங்குகிற விஷயம். கடையில் தயாராக இருப்பது பெரும்பாலும் அடிப்படை மாடல்தான். கூடுதல் மெமரி வேண்டுமென்றால் ஆர்டர் போட்டுக் காத்திருக்க வேண்டும். அந்த 21.5 அங்குலத்தில் பின்பக்கத்தில் நாமே மெமரி மாற்றக் கதவுகூட வைக்கவில்லை, ஆகவே முதலிலேயே யோசித்துவிடுங்கள்.