பழைய பிரிண்டரை வைஃபையில் இணைக்கலாமா?

கேள்வி: மார்த்தாண்டத்தை அடுத்த ஊரில் ஜெராக்ஸ், டைப்பிங் கடை நடத்துகிறேன். நானும் தங்கையும்தான் வேலை பார்க்கிறோம். எங்களிடம் எச்பி லேசர்ஜெட் 1020 பிரிண்டர் இருக்கிறது. பல வருடம் உழைத்தும் இன்றைக்கும் எழுத்து பளிச்சென்று விழுகிறது. ஆனால் யுஎஸ்பி கேபிளில் ஒரே கம்ப்யூட்டரோடுதான் இணைத்திருக்கிறோம். தங்கையின் லேப்டாப்பில் உள்ளதை எடுக்க ஒவ்வொரு தடவையும் பென் டிரைவோடு அலைய வேண்டியிருக்கிறது. நாகர்கோவிலில் விசாரித்தால் புது வைஃபை பிரிண்டர் வாங்கச் சொல்கிறார்கள். ஆன்லைனில் 'வயர்லெஸ் பிரிண்ட் சர்வர்' என்று ஒரு சின்னப் பெட்டி விற்கிறது. எதை வாங்குவது?

பதில்: இப்போதைக்கு இரண்டையுமே வாங்க வேண்டாம். நன்றாக ஓடுகிற லேசர் பிரிண்டரை, வைஃபை இல்லை என்ற ஒரே காரணத்துக்காக ஒதுக்குவது எனக்குச் சம்மதமில்லை. உங்கள் மாடலுக்கான 12ஏ டோனரை ரீஃபில் செய்து தர எல்லா ஊரிலும் ஆள் இருக்கிறார்கள். புது மாடல்கள் பலவற்றின் டோனரில் சிப் இருக்கும். ரீஃபில் செய்தால் அது தகராறு செய்யலாம். பக்கத்துக்கு இத்தனை ரூபாய் என்று கணக்குப் பார்த்து நடத்துகிற கடையில் இது சின்ன விஷயமில்லை.

அந்தப் பெட்டியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏமாற்றம் அதில்தான் அதிகம். யுஎஸ்பி பிரிண்டர் எல்லாம் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. சில பிரிண்டர்களில் பக்கத்தை உருவாக்கும் மூளை உள்ளேயே இருக்கும். எந்த வழியாகக் கட்டளை போனாலும் அச்சடித்துவிடும். லேசர்ஜெட் 1020 அந்த வகையில்லை. பக்கத்தைத் தயாரிக்கும் வேலையைக் கம்ப்யூட்டரில் உள்ள டிரைவர், அதாவது பிரிண்டரை ஓட்டும் மென்பொருள்தான் செய்கிறது. அதோடு, இந்தப் பிரிண்டர் தன்னை இயக்கும் உள் மென்பொருளான ஃபர்ம்வேரைத் தனக்குள் சேமித்து வைப்பதில்லை. ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் டிரைவர்தான் அதை அனுப்பி எழுப்பிவிட வேண்டும். சாதாரண பிரிண்ட் சர்வர் பெட்டிக்கு இந்த வேலை தெரியாது. பெட்டியில் விளக்கு எரியும், வைஃபையும் கிடைக்கும், ஆனால் ஒரு தாளும் வெளியே வராது. நம் ஊர்க் கடைகளில் நிறைய இருக்கும் கேனன் எல்பிபி 2900 மாடலும் தனக்கென்று ஒரு மொழி வைத்திருக்கிற பிரிண்டர்தான். அதை வைத்திருப்பவர்களும் இதே எச்சரிக்கையோடு இருக்க வேண்டும்.

யுஎஸ்பி கேபிளையே நெட்வொர்க் வழியாக நீட்டித்தது போல நடந்துகொள்ளும் பெட்டிகளும் உண்டு. அவற்றில் இந்த மாடல்கள் ஓட வாய்ப்பு அதிகம். ஆனால் கம்ப்யூட்டர் ஒவ்வொன்றிலும் அந்தக் கம்பெனியின் மென்பொருளைப் போட வேண்டும், ஒரு நேரத்தில் ஒரு கம்ப்யூட்டர்தான் பிரிண்டரைப் பிடிக்க முடியும், போனுக்கு உதவாது. ரவுட்டரின் பின்னால் யுஎஸ்பி துளை இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். அது பெரும்பாலும் பென் டிரைவ், ஹார்ட் டிஸ்க்குக்காக வைத்தது. ரவுட்டர் செட்டிங்கில் பிரிண்ட் சர்வர் என்று தனியாக இருந்தால் மட்டும் முயன்று பாருங்கள்.

உங்களுக்குச் செலவே இல்லாத வழி இருக்கிறது. பிரிண்டர் மாட்டியிருக்கும் கம்ப்யூட்டர் எப்படியும் கடை திறந்ததில் இருந்து மூடும் வரை ஓடுகிறது. அதிலேயே பிரிண்டரை ஷேர் செய்யுங்கள். விண்டோஸில் அந்தப் பிரிண்டரின் பிராப்பர்ட்டீஸைத் திறந்து, ஷேரிங் பகுதியில் டிக் செய்து ஒரு பெயர் கொடுங்கள். கடை வைஃபையை இரண்டு கம்ப்யூட்டரிலும் 'பிரைவேட்' என்று மாற்றுங்கள். 'பப்ளிக்' என்று இருந்தால் ஒன்றை ஒன்று பார்க்காது. பிறகு லேப்டாப்பில் டிரைவரைப் போட்டு, அந்தப் பிரிண்டரைச் சேர்த்தால் முடிந்தது. பிரிண்டரை எழுப்பும் வேலையை அது மாட்டியிருக்கும் கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்ளும். அந்தக் கம்ப்யூட்டர் தூங்கிப்போகாதபடி ஸ்லீப் வசதியை மட்டும் நிறுத்திவையுங்கள்.

சேர்க்கும்போது 11பி என்று முடியும் பிழை எண் வரலாம். 2021 செப்டம்பரில் வந்த விண்டோஸ் பாதுகாப்பு அப்டேட்டுக்குப் பிறகு பல கடைகளில் தலைகாட்டியது அது. விண்டோஸின் உள் அமைப்புகள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியில் ஒரு எண்ணை மாற்றி அந்தப் பாதுகாப்பையே அணைத்துத் தருகிற மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். அதற்குச் சம்மதிக்காதீர்கள். முதலில் இரண்டு கம்ப்யூட்டரையும் முழுதாக அப்டேட் செய்யச் சொல்லுங்கள்.

போனில் இருந்து நேரடியாக எடுக்க வேண்டும் என்றால் ராஸ்பெர்ரி பை போன்ற குட்டிக் கம்ப்யூட்டரில் லினக்ஸும் கப்ஸ் என்ற இலவச மென்பொருளும் போட்டு, அதில் பிரிண்டரை மாட்டலாம். இந்த 1020 மாடலுக்கு லினக்ஸில் டிரைவர் உண்டு. ஐபோன், ஆண்ட்ராய்டு இரண்டுக்கும் அது வைஃபை பிரிண்டராகவே தெரியும். விஷயம் தெரிந்தவர் ஒருவர் உட்கார்ந்து அமைத்துத் தர வேண்டும். நம் மாவட்டத்தில் இன்ஜினியரிங் படிக்கிற பிள்ளைகளுக்குப் பஞ்சமில்லை, கேட்டுப் பாருங்கள். ஆனால் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் கடை வைஃபை பாஸ்வேர்டைக் கொடுப்பது நல்லதல்ல. வாடிக்கையாளர் கோப்பை வாட்ஸ்அப்பில் வாங்கி, கம்ப்யூட்டரில் திறந்து எடுப்பதே ஜெராக்ஸ் கடைக்குப் பொருத்தம். எடுத்து முடித்ததும் அவர் கண்முன்னால் அதை அழித்துவிடுங்கள். ஆதார் நகலும் வங்கிப் புத்தகமும் உங்களை நம்பித் தரப்படுபவை.

கேள்வி: கருங்கல் பக்கம் ஒரு டியூஷன் சென்டர் நடத்துகிறேன். எங்கள் பிரிண்டரில் வைஃபை இல்லை, பின்னால் லேன் துளை இருக்கிறது. வைஃபைக்கு மாற்ற என்ன செய்ய வேண்டும்? ரவுட்டர் கீழே இருக்கிறது, பிரிண்டர் மாடியில்.

பதில்: உங்களுக்கு வேலை எளிது. பிரிண்டரே வைஃபையில் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஒரு லேன் கேபிளை ரவுட்டருக்கு இழுத்துவிட்டால், அதே ரவுட்டரின் வைஃபையில் இருக்கும் லேப்டாப் எல்லாவற்றுக்கும் பிரிண்டர் கிடைக்கும். போனில் இருந்து நேரடியாக அச்சடிக்க உதவும் மொப்ரியா அல்லது ஏர்பிரிண்ட் வசதி உள்ள மாடல் என்றால் போனுக்கும் கிடைக்கும். லேன் கேபிள் 100 மீட்டர் வரை போகும், மாடிக்குத் தாராளம்.

கேபிள் இழுக்க வழியில்லை என்றால், லேன் துளை உள்ள வைஃபை எக்ஸ்டெண்டர் ஒன்றைப் பிரிண்டர் பக்கத்தில் மாட்டுங்கள். அது ரவுட்டரின் வைஃபையைப் பிடித்து, கேபிள் வழியாகப் பிரிண்டருக்குக் கொடுக்கும். வீட்டில் பழைய ரவுட்டர் கிடந்தால் அதில் 'கிளையண்ட்' அல்லது 'பிரிட்ஜ்' மோட் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், வாங்குகிற செலவே மிஞ்சும். சுவர் தாண்ட வேண்டிய இடத்தில் 5 கிகாஹெர்ட்ஸைவிட 2.4 கிகாஹெர்ட்ஸ் நன்றாக எட்டும்.

பிரிண்டர் வேறு கட்டடத்தில் இருந்தால் வெளியே லேன் கேபிள் தொங்கவிடாதீர்கள். சித்திரை, வைகாசிக் கோடை மழையிலும் ஐப்பசி மழையிலும் இங்கே இடி மின்னல் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். செம்புக் கம்பி வழியாக வருகிற மின் அதிர்ச்சி ரவுட்டரையும் பிரிண்டரையும் சேர்த்தே கொண்டுபோகும். அந்த இடத்துக்கு வைஃபைதான் சரி. வானம் இருண்டால் பிளக்கையும் உருவிவிடுங்கள்.

எல்லாம் மாட்டியும் பிரிண்டர் தெரியவில்லை என்றால், ஃபைபர்காரர் வைத்த பெட்டியும் நீங்கள் வாங்கிய ரவுட்டரும் தனித்தனி வைஃபை கொடுக்கின்றனவா என்று பாருங்கள். பிரிண்டர் ஒன்றிலும் லேப்டாப் இன்னொன்றிலும் இருந்தால் பெரும்பாலும் ஒன்றை ஒன்று பார்க்காது. கெஸ்ட் வைஃபையும் அப்படித்தான். இன்றைக்கு ஓடியது நாளைக்கு ஓடவில்லை என்றால் பிரிண்டரின் ஐபி எண், அதாவது நெட்வொர்க்கில் அதன் முகவரி, மாறியிருக்கும். ரவுட்டர் செட்டிங்கில் அந்த எண்ணைப் பிரிண்டருக்கென்றே ஒதுக்கிவைக்கலாம்.

கேள்வி: திருவனந்தபுரத்தில் ஒரு கடையில் வைஃபை பிரிண்ட் சர்வர் வாங்கினேன். என் பிரிண்டருக்கு ஓடும் என்று சொல்லித்தான் விற்றார்கள். ஓடவில்லை. திருப்பி எடுக்க மறுக்கிறார்கள். நான் களியக்காவிளையில் சின்னக் கடை வைத்திருக்கிறேன். கேரளாவில் போய்த்தான் வழக்குப் போட வேண்டுமா?

பதில்: வேண்டாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி, நீங்கள் வசிக்கும் அல்லது தொழில் செய்யும் இடத்திலேயே புகார் செய்யலாம். உங்களுக்கு அது நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம். வியாபாரத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்று கடைக்காரர் வாதாடலாம். சுயதொழில் செய்து பிழைப்பு நடத்துவதற்கென்றே வாங்கிய பொருளுக்கு அந்த விலக்கு பொருந்தாது என்று சட்டமே விளக்கம் சொல்கிறது.

ஆனால் ஒரு வேறுபாட்டை மனதில் வையுங்கள். பெட்டி பழுது என்றால், பில்லில் சொன்ன காலத்துக்குள், பில்லில் எதுவும் சொல்லவில்லை என்றால் 30 நாளுக்குள், திருப்பி எடுக்க மறுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை. பெட்டி நன்றாக இருந்து உங்கள் பிரிண்டருக்கு மட்டும் ஒத்துவரவில்லை என்றால், ஓடும் என்று அவர்கள் சொன்னதை நீங்கள் காட்ட வேண்டியிருக்கும். வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தால் அந்த உரையாடலை அழிக்காதீர்கள். எழுத்தில் எதுவும் இல்லை என்றால், மாடல் பெயரைக் குறிப்பிட்டு, "ஓடும் என்று சொன்னீர்களே, ஓடவில்லை" என்று இப்போதே ஒரு செய்தி அனுப்புங்கள். அவர்கள் தரும் பதிலும் ஆதாரம்தான்.

முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள். பல புகார்கள் அந்தக் கட்டத்திலேயே தீர்ந்துவிடும். தீராவிட்டால் ஆணையத்துக்கு நேரிலோ இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாகவோ மனுச் செய்யலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. வாங்கி 2 வருடத்துக்குள் செய்ய வேண்டும். பில்லையும் பெட்டியையும் அதன் அட்டையையும் அதுவரை பத்திரமாக வைத்திருங்கள்.