மெகரில் 60 மெகா ஓம் காட்டினால் கேபிளை நம்பிவிடலாமா?

ஏற்காடு காபி எஸ்டேட்டில் பம்புக்குப் புதைத்த 300 மீட்டர் பி.வி.சி. ஆர்மர்டு (உலோகக் கம்பிக் கவசம் போட்ட) கேபிள், இன்சுலேஷனின், அதாவது காப்புறையின், மின்தடையை அளக்கும் மெகரில் 60 மெகா ஓம் காட்டியது, எலக்ட்ரீஷியன் 'ஓகே' என்றார், பழுதாகும் முன்பே தெரிந்துகொள்ள வழி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஒரு முறை எடுத்த 60-ஐ வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. 1 மெகா ஓம் இருந்தாலே விதிப்படி போதுமே என்று இங்கேயே சிலர் வருவார்கள். சப்ளை கொடுக்கலாமா என்று பார்க்க அது போதும்தான். கெட ஆரம்பித்ததைப் பிடிக்கப் போதாது. மின்கசிவு வந்தால் சப்ளையைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. விழட்டும், பார்க்கலாம் என்றும் இருக்காதீர்கள். 100 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. விழுவதற்குள் இன்சுலேஷன் சில கிலோ ஓமுக்கு இறங்கியிருக்கும்.

சப்ளையை நிறுத்தி, டெஸ்டரில் உறுதி செய்துகொண்டு, இரண்டு முனையிலும் லக்கை (கம்பியைப் பொருத்தும் உலோக முனை) கழற்றுங்கள். ஸ்டார்ட்டர், கெபாசிட்டர், மோட்டார் எதுவும் சேர்ந்திருக்கக் கூடாது. முனைகளை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துக் காய விடுங்கள். ஏற்காட்டுப் பனியில் அந்த முனை ஈரமே ரீடிங்கைக் கெடுத்துவிடும். சந்தேகமாக இருந்தால் கோரின் (கேபிளுக்குள் இருக்கும் தனிக் கம்பி) இன்சுலேஷன் மேல் வெறும் செம்புக் கம்பியை மூன்று சுற்று இறுக்கிச் சுற்றி மெகரின் கார்டு முனையில் (மேற்பரப்புக் கசிவை அளவில் சேர்க்காமல் விலக்கும் முனை) கொடுங்கள். ரீடிங் சட்டென ஏறினால் கசிவு முனையின் மேற்பரப்பில்தான், கேபிளுக்குள் இல்லை.

1000 வோல்ட்டில் ஒரு கோரைப் பிடித்து, மற்ற கோர்களையும் ஆர்மரையும் சேர்த்து எர்த் செய்யுங்கள். 15-வது நொடியிலும் 60-வது நொடியிலும் குறித்துக்கொள்ளுங்கள். நல்ல பி.வி.சி.யில் முள் மெல்ல ஏறிக்கொண்டே போகும். ஆடாமல் நின்றாலோ, ஏறிவிட்டு இறங்கினாலோ ஈரம் உள்ளே போயிருக்கலாம். அதைவிட முக்கியம் மூன்று கோரையும் ஒப்பிடுவது. ஒரே குழி, ஒரே வயசு. ஆர், ஒய், பி என்ற மூன்று ஃபேஸ் கோர்களில் ஆர் 60, ஒய் 58, பி 9 என்று வந்தால் பி-தான் வில்லங்கம். விதிப்படி அந்த 9-ம் பாஸ்! ஒவ்வொரு கோருக்குப் பிறகும் நாலைந்து நிமிடம் எர்த்தில் தொட்டு வையுங்கள். கேபிளில் தங்கிய சார்ஜ் ஆளைத் தூக்கி அடிக்கும்.

வெப்பநிலையை எழுதாத ரீடிங் வீண். ஏறத்தாழ 10 டிகிரி ஏறினால் மதிப்பு பாதியாகும். சேலம் வெயிலில் 38 டிகிரியில் 60 காட்டும் கேபிள், மலைமேல் 18 டிகிரியில் 240-ஐ ஒட்டிக் காட்ட வேண்டும். பங்குனியில் ஒரு முறை, ஐப்பசி மழையில் ஒரு முறை எடுத்து ஒரே நோட்டில் எழுதுங்கள்.

11 கே.வி. (11,000 வோல்ட்) எக்ஸ்.எல்.பி.இ. இன்சுலேஷன் கேபிள் என்றால் கதை வேறு. நீர்க்கசிவால் இன்சுலேஷனுக்குள் கிளைவிடும் சேதம் மெகருக்குத் தெரியாது. 0.1 ஹெர்ட்ஸ் வி.எல்.எஃப். டான் டெல்டா, அதாவது மிகக் குறைந்த அதிர்வெண் ஏ.சி. கொடுத்து இன்சுலேஷனில் வீணாகும் மின்சக்தியை அளக்கும் சோதனை, வேண்டும். பழைய கேபிளில் டி.சி. ஹைபாட் (உயர் டி.சி. வோல்ட்டேஜ் சோதனை) ஏற்ற விடாதீர்கள்.

ரிஜிஸ்டரில் எண்ணே இல்லாமல் 'மெகர் ஓகே' என்று எழுதும் பழக்கத்தைத்தான் பொறுக்க முடியவில்லை. மணல் போடாமல் கல்லோடு மூடிவிட்டுப் போகும் காண்ட்ராக்டர்களையும். சரிவில் மண் இறங்க இறங்க அந்தக் கல் மேலுறையைக் கிழிக்கும்.

பி கோர் மட்டும் குறைந்தால், இடையில் ஜாயிண்ட் போட்டிருக்கிறார்களா என்று விசாரித்து, முதலில் அங்கே தோண்டுங்கள்.