பெருந்தொற்று ஃப்ளூ காலத்தில் தடுப்பூசி: தேடி வந்தவரைத் திருப்பி அனுப்பாதீர்கள்

நீங்கள் ஒரு சிறிய கிளினிக்கில் புதிதாகப் பணியில் சேர்ந்திருக்கிறீர்கள். புதிய வகை ஃப்ளூ பரவி, தடுப்பூசியும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வருகிறது என்றால் யாருக்கு முதலில் போடுவது, பயப்படுகிறவர்களிடம் என்ன சொல்வது, ஏற்கெனவே காய்ச்சல் வந்து போனவருக்கும் போட வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் தடுப்பூசிப் பிரிவில் நெடுங்காலமாகப் பணிபுரியும் செவிலியர். 2009-இல் எச்1என்1 என்ற புதிய வகை ஃப்ளூ வைரஸ் (பன்றிக் காய்ச்சல்) பரவிய பெருந்தொற்றின்போதும் இதே வேலையில்தான் இருந்தேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: அந்தப் பருவத்தில் நமக்குப் பெரிய இழப்பு மருந்துத் தட்டுப்பாடு மட்டுமல்ல. கையில் மருந்து இருந்தும், தகுதி உள்ளவர் எதிரே உட்கார்ந்திருந்தும், “இன்றைக்கு வேண்டாம், அடுத்த முறை பார்க்கலாம்” என்று அனுப்பிவிடுவதுதான் பெரிய இழப்பு. அடுத்த முறை வருவதற்குள் அவருக்குக் காய்ச்சல் வந்துவிடும். ஊசி போட்ட பிறகும் எதிர்ப்பாற்றல் உருவாக ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

முதலில் உங்களுக்கும் உங்களுடன் வேலை செய்பவர்களுக்கும் போட்டுக்கொள்ளுங்கள். இதைச் சொன்னால் சிலர் கூச்சப்படுகிறார்கள். நோயாளிகள் காத்திருக்க நாம் முந்திக்கொள்வதா என்று கேட்கிறார்கள். அந்த எண்ணம் நல்லதுதான், ஆனால் இங்கே பொருந்தாது. 2009 ஜூலையில் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு, எல்லா நாடுகளும் சுகாதாரப் பணியாளர்களுக்கே முதலில் தடுப்பூசி போட வேண்டும் என்று பரிந்துரைத்தது. அவர்கள் படுத்துவிட்டால் மருத்துவமனையே படுத்துவிடும் என்பதுதான் காரணம். இன்னொன்று: ஃப்ளூ வந்த பெரியவர் ஒருவர், அறிகுறி தெரிவதற்கு ஒரு நாள் முன்பிருந்தே வைரஸைப் பரப்பலாம். “எனக்கு ஒன்றுமில்லை” என்று நினைத்துக்கொண்டு நீங்கள் ஒரு கைக்குழந்தையைத் தூக்கி எடை பார்க்கும் அன்றே அது நடக்கலாம். பணியாளர் என்றால் மருத்துவரும் செவிலியரும் மட்டுமல்லர். வரவேற்பில் உட்காருபவர், ஆம்புலன்ஸ் ஓட்டுநர், அறையைத் துடைப்பவர் எல்லோரும் அதில் சேர்த்தி. துப்புரவுப் பணியாளரை மறந்துவிட்ட பட்டியல்களை நான் பார்த்திருக்கிறேன். தும்மலும் இருமலும் நிறைந்த அறைக்குள் அதிக நேரம் இருப்பவர் அவர்தான்.

அடுத்து யார்? 2009-இல் அமெரிக்காவின் நோய்த்தடுப்பு ஆலோசனைக் குழு வகுத்த வரிசையை இன்றும் படித்துப் பார்க்கலாம். கர்ப்பிணிகள், ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தையுடன் ஒரே வீட்டில் வசிப்பவர்கள் மற்றும் அக்குழந்தையைப் பராமரிப்பவர்கள், சுகாதார மற்றும் அவசரப் பணியாளர்கள், ஆறு மாதம் முதல் 24 வயது வரை உள்ளவர்கள், இணைநோய் உள்ள 25 முதல் 64 வயதினர் என்று ஐந்து பிரிவுகளை முதலில் வைத்தார்கள். மருந்து மிகவும் குறைவாக இருந்தால் அந்த வட்டத்தையே இன்னும் சுருக்கி, கர்ப்பிணி, சிறு குழந்தை வீட்டில் உள்ளவர், நோயாளியை நேரடியாகத் தொட்டுப் பார்க்கும் பணியாளர், ஆறு மாதம் முதல் நான்கு வயது வரையிலான குழந்தைகள், இணைநோய் உள்ள 5 முதல் 18 வயதினர் என்று எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள்.

வழக்கமான ஃப்ளூ பருவத்தில் முன்வரிசையில் நிற்கும் 65 வயதுக்கு மேற்பட்டவர்கள் இந்தப் பட்டியலின் முதல் பகுதியில் இல்லை என்பதைக் கவனியுங்கள். அது முதியோரைப் புறக்கணித்ததால் அல்ல. 1957-க்கு முன் புழங்கிய பழைய எச்1என்1 வைரஸ்களை இளவயதில் சந்தித்திருந்ததால் அவர்களில் பலருக்கு ஓரளவு எதிர்ப்பாற்றல் ஏற்கெனவே இருந்தது. அதனால் தொற்று அவர்களிடையே குறைவாக இருந்தது. தொற்றிவிட்டால் ஆபத்து அவர்களுக்கும் குறைவில்லை, ஆகவே சிகிச்சையில் அவர்களைப் பின்னுக்குத் தள்ளக் கூடாது. அடுத்த பெருந்தொற்றில் இந்த வரிசை தலைகீழாகவும் இருக்கலாம். அதனால்தான் பழைய வரிசையை மனப்பாடமாக ஒப்பிக்காமல், அந்தப் பருவத்துக்கான அரசு வழிகாட்டுதலைத் தேதியோடு சுவரில் ஒட்டி வைக்கச் சொல்கிறேன். வழிகாட்டுதல் பாதியில் மாறும். 2009-இல் புதிய வைரஸ் என்பதால் பெரியவர்களுக்கும் இரண்டு தவணை தேவைப்படும் என்றே பலர் எதிர்பார்த்தார்கள். செப்டம்பரில் வந்த சோதனை முடிவுகளில் 15 மைக்ரோகிராம் கொண்ட ஒரே தவணை பெரியவர்களுக்குப் போதும் என்று தெரிந்தது. பத்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு மட்டும் நான்கு வார இடைவெளியில் இரண்டு தவணை என்று அமெரிக்காவில் முடிவானது.

“இரண்டாவது தவணைக்கு எடுத்து வைக்க வேண்டாமா?” என்று எல்லாக் கிளினிக்கிலும் கேட்பார்கள். வேண்டாம் என்பதே அன்றைய அறிவுரை. பிறகு மருந்து வரும் என்ற நம்பிக்கையில், கையில் இருப்பதை முதல் தவணைக்கே போட்டுவிடச் சொன்னார்கள். குளிர்பெட்டியில் பத்திரமாக இருக்கும் மருந்து யாரையும் காப்பாற்றுவதில்லை.

கர்ப்பிணிகளைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். மிக அதிகமாகத் திருப்பி அனுப்பப்படுகிறவர்கள் அவர்கள்தான். ஏழாம் மாதத்தில் ஒரு பெண் வருவார். மாமியார் வேண்டாம் என்றிருப்பார், மருந்துக் கடைக்காரர் பிரசவம் ஆகட்டும் என்றிருப்பார், வேறொரு மருத்துவர் கூட “எதற்கு வம்பு” என்றிருப்பார். அத்தனையையும் தாண்டி அவர் நம் முன் வந்து உட்கார்ந்திருக்கிறார். அந்தக் கணத்தில் நம் முகத்தில் ஒரு தயக்கம் தெரிந்தால் போதும், எழுந்து போய்விடுவார். அமெரிக்க மக்கள்தொகையில் கர்ப்பிணிகள் ஏறத்தாழ 1 சதவீதம்தான். ஆனால் அந்த நாட்டில் 2009 பெருந்தொற்றின் இறப்புகளில் ஏறத்தாழ 5 சதவீதம் அவர்களுடையவை. செயலிழந்த வைரஸால் ஆன ஊசியை எந்த மாதத்திலும் போடலாம். மூக்கில் தெளிக்கும் உயிர்வைரஸ் மருந்து மட்டும் கர்ப்ப காலத்தில் கூடாது. தாயிடமிருந்து எதிர்ப்பொருள்கள் குழந்தைக்கும் போகின்றன. ஆறு மாதம் ஆகாத குழந்தைக்கு ஃப்ளூ ஊசி போட முடியாது என்பதால், அந்தக் குழந்தைக்கு வேறு கவசமே இல்லை. நான் கர்ப்பிணிகளிடம் இதைத்தான் முதலில் சொல்வேன்: “ஒரே ஊசி, இரண்டு பேருக்கு.”

இனி, திருப்பி அனுப்பக் காரணமே ஆகாத காரணங்கள். லேசான சளி, காய்ச்சல் இல்லாத இருமல், ஆன்டிபயாடிக் சாப்பிடுவது, தாய்ப்பால் கொடுப்பது, வீட்டில் கர்ப்பிணி இருப்பது, இவற்றில் ஒன்றுக்காகவும் ஊசியைத் தள்ளிப்போட வேண்டாம். கடுமையான காய்ச்சல் என்றால் மட்டும் தணியும் வரை பொறுக்கலாம். முட்டை ஒவ்வாமையைப் பற்றிய அறிவுரை வெகுவாக மாறிவிட்டது. முன்பு அதை எச்சரிக்கைப் பட்டியலில் வைத்திருந்தார்கள். 2023–24 பருவத்திலிருந்து அமெரிக்க வழிகாட்டுதல், முட்டை ஒவ்வாமைக்காகத் தனி முன்னேற்பாடு எதுவும் தேவையில்லை என்கிறது. முந்தைய ஃப்ளூ தடுப்பூசிக்கே உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமை வந்திருந்தால் அது வேறு விஷயம். அவரை மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்.

உயிர்வைரஸ் ஸ்பிரேயை அனுமதிக்கப்பட்ட வயதில், அதாவது இரண்டு முதல் 49 வரை உள்ள ஆரோக்கியமானவர்களுக்குக் கொடுக்கலாம். பணியாளர்களும் எடுத்துக்கொள்ளலாம். எலும்பு மஜ்ஜை மாற்றம் செய்து தனிமை அறையில் இருப்பவர்களைப் பராமரிப்போர் மட்டும் அதை எடுத்தால் ஏழு நாள் அங்கே போகக் கூடாது. ஃப்ளூவுக்கான ஓசெல்டாமிவிர் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு ஸ்பிரே பயன்படாது, அந்த மாத்திரை உயிர்வைரஸையும் அடக்கிவிடும். ஊசிக்கு அந்தத் தடை இல்லை. பருவ ஃப்ளூ ஊசியும் பெருந்தொற்று ஊசியும் ஒரே நாளில் போடலாம், வெவ்வேறு இடத்தில். நிமோனியா உண்டாக்கும் ஒரு பாக்டீரியாவைத் தடுக்கும் நிமோகாக்கல் ஊசிக்குத் தகுதி உள்ளவராக இருந்தால் அதையும் கையோடு போட்டு அனுப்புங்கள். 1918 பெருந்தொற்றில் பெரும்பாலான இறப்புகளில் ஃப்ளூவைத் தொடர்ந்து வந்த பாக்டீரியா நிமோனியாவுக்குப் பங்கு இருந்தது.

குளிர்பெட்டி விஷயத்தில் நான் கண்டிப்பானவள். இரண்டு முதல் எட்டு டிகிரி செல்சியஸ். காலையும் மாலையும் பார்த்து எழுத வேண்டும். வெப்பம் ஏறிவிடுமோ என்று எல்லோரும் கவலைப்படுகிறார்கள், உறைந்துபோவதைப் பற்றி யாரும் நினைப்பதில்லை. குப்பிகளை குளிர்பெட்டியின் பின்சுவரை ஒட்டி வைத்தால் இரவில் உறைந்துவிடும். காலையில் உருகி, பார்வைக்குத் தெளிவாகவே இருக்கும். கண்ணால் பார்த்து இது கெட்டது என்று சொல்லவே முடியாது. உறைந்த ஃப்ளூ மருந்தைப் போடக் கூடாது. நடுத்தட்டில், சுவரிலிருந்து விலகி, காற்று போகும்படி வையுங்கள். கதவுத் தட்டில் ஒருபோதும் வேண்டாம். பல தவணைக் குப்பியைத் திறந்தால் தேதியையும் நேரத்தையும் அதன் மேலேயே எழுதுங்கள். எத்தனை நாளுக்குள் தீர்க்க வேண்டும் என்பது தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். 2009-இல் ஐரோப்பாவில் பயன்படுத்திய, துணைப்பொருளுடன் (எதிர்ப்பாற்றலைக் கூடுதலாகத் தூண்டும் பொருள்) கலக்க வேண்டிய ஒரு மருந்துக்கு 24 மணி நேரமே கெடு. ஒவ்வொரு முறை உறிஞ்சும் முன்பும் குலுக்குங்கள்.

ஊசியைத் தோள்பட்டைத் தசையின் நடுவில் போடுங்கள், மேலே ஏறிவிட்டால் மூட்டுக்குள் இறங்கி மாதக்கணக்கில் வலிக்கும். சட்டைக் கையை மேலே சுருட்டாமல், தோள் முழுவதும் தெரியும்படி சட்டையைக் கழற்றச் சொல்வதே சரி. கைக்குழந்தைக்குத் தொடையின் வெளிப்பக்கம். பெயர், தேதி, பேட்ச் எண், எந்தக் கை என்பதை அப்போதே எழுதிவிடுங்கள். மாலையில் நினைவிலிருந்து எழுதும் பதிவேட்டை நம்ப முடியாது. ஏதாவது பக்கவிளைவு தெரிந்தால் அந்த பேட்ச் எண்ணைக் கொண்டுதான் மற்றவர்களைத் தேடிப் பிடிக்க முடியும்.

அட்ரினலின் இல்லாமல் ஒரு ஊசி கூடப் போடாதீர்கள். கடும் ஒவ்வாமை மிக அரிது, பத்து லட்சம் தவணைக்கு ஒன்றிரண்டு என்ற அளவுதான். ஆனாலும் நேர்ந்தால் நிமிடங்களில் நேரும். ஒரு மில்லிலிட்டரில் ஒரு மில்லிகிராம் உள்ள அட்ரினலின், கிலோவுக்கு 0.01 மில்லிகிராம், அதிகபட்சம் 0.5, தொடைத் தசையில். ஐந்து நிமிடத்தில் தேறாவிட்டால் மறுபடியும். ஆளைப் படுக்க வையுங்கள், எழுப்பி நடக்க விடாதீர்கள். வாலிப வயதினர் ஊசியைப் பார்த்தே மயங்குவதுண்டு. போட்ட பின் 15 நிமிடம் உட்கார வைப்பது இரண்டுக்கும் உதவும்.

பயப்படுகிறவர்களிடம் என்ன சொல்வது? உண்மையைச் சொல்லுங்கள், வரலாற்றை மறைக்காதீர்கள். 1976-இல் அமெரிக்காவில் பன்றிக் காய்ச்சலுக்கு எதிராக நான்கு கோடிக்கும் மேற்பட்டோருக்கு ஊசி போட்டார்கள். அஞ்சிய பெருந்தொற்று வரவில்லை. ஊசி போட்டவர்களில் லட்சத்துக்கு ஏறத்தாழ ஒருவர் வீதம் கூடுதலாக கில்லன் பாரே என்ற நரம்பு நோய் வந்தது, டிசம்பரில் திட்டத்தை நிறுத்தினார்கள். 2009 ஊசியில் அந்த அளவு பத்து லட்சத்துக்கு ஒன்றிரண்டு என்று குறைந்திருந்தது. ஃப்ளூ தொற்றாலும் அதே நோய் வரலாம். 2010 ஆகஸ்டில் பின்லாந்திலும் ஸ்வீடனிலும் பாண்டெம்ரிக்ஸ் என்ற 2009 பெருந்தொற்று ஊசி போட்ட குழந்தைகள், வளரிளம் பருவத்தினர் சிலருக்கு நார்கோலெப்சி எனும் தூக்க நோய் தெரியவந்தது. அந்தத் தொடர்பு உறுதியானது. இதையெல்லாம் நாமே சொன்னால், தெரிந்துகொண்டு கேட்பவருக்கு நம்மிடம் மரியாதை வரும். மறைத்து வைத்தது பிறகு வெளிப்பட்டால் அடுத்த பத்து ஆண்டுக்கு நம் பேச்சை யாரும் கேட்கமாட்டார்கள். கூடவே ஒன்றைச் சொல்ல வேண்டும்: லட்சக்கணக்கானோருக்கு ஊசி போடும்போது, மறுநாள் ஒருவருக்கு மாரடைப்பும் இன்னொருவருக்குக் கருச்சிதைவும் ஊசி இல்லாமலும் நேர்ந்திருக்கும். அப்படி நேர்ந்தால் “ஊசிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை” என்று உடனே அடித்துப் பேசாதீர்கள். பதிவு செய்யுங்கள், மேலே தெரிவியுங்கள், விசாரித்துச் சொல்கிறோம் என்று சொல்லுங்கள், சொன்னபடி திரும்பிப் போய்ச் சொல்லுங்கள்.

காத்திருக்கும் இடம் பற்றி ஒரு வார்த்தை. ஊசிக்கு வரும் ஆரோக்கியமானவரும் காய்ச்சலோடு வரும் நோயாளியும் ஒரே பெஞ்சில் உட்காரக் கூடாது. தனி வாசல் இல்லாவிட்டால் தனி நேரம் ஒதுக்குங்கள். இருமுகிறவருக்கு வாசலிலேயே முகக்கவசம் கொடுங்கள்.

உங்கள் கடைசிக் கேள்வி: சென்ற மாதம் காய்ச்சல் வந்து போனவருக்கும் போட வேண்டுமா? ஆய்வகச் சோதனையில் அதே வைரஸ் என்று உறுதியாகியிருந்தால் அவருக்கு எதிர்ப்பாற்றல் இருக்கும், ஊசி அவசியமில்லை, போட்டாலும் தீங்கில்லை. சோதனை செய்யாமல் “எனக்கு வந்தது அதுதான்” என்று சொல்பவர்களே அதிகம். அந்தப் பருவத்தில் வேறு பல வைரஸ்களும் அதே காய்ச்சலையும் உடம்பு வலியையும் கொடுக்கின்றன. ஆகவே அவர்களுக்குப் போடுங்கள். முதல் அலை தணிந்தது என்று மீதமுள்ள மருந்தைக் கட்டி வைக்கவும் வேண்டாம். 1918-இல் மிகக் கொடிய அலை இரண்டாவதாக இலையுதிர் காலத்தில்தான் வந்தது. கூட்டம் குறைந்த அந்த வாரங்களில்தான், முன்பு யாரோ திருப்பி அனுப்பியவர்களின் பெயர்ப் பட்டியலை எடுத்து ஒவ்வொருவருக்காகத் தொலைபேசியில் பேச நேரம் கிடைக்கும்.