மூன்றாவது பற்றரி ஏன் பொறி தட்டியது?

கேள்வி: ஐயா, குச்சவெளிப் பக்கம் கடற்கரையோடு எங்களுக்கு ஒரு மீன் வாடி இருக்கிறது. அங்கே கரண்ட் இல்லை, சோலார்தான். போன வருடம் வாங்கிய 12 வோல்ற், 100 அம்பியர்-மணி லிதியம் இரும்புப் பொஸ்பேற் பற்றரிகள் இரண்டு, 1500 வாற் இன்வேர்ட்டர் ஒன்று. அதே ரகத்தில் மூன்றாவது பற்றரியை வாங்கி மத்தியானம் சமாந்தரமாகப் பூட்டும்போது சடார் என்று பொறி பறந்தது. புதியது கொஞ்ச நேரம் செத்தது போலக் கிடந்து பிறகு வேலை செய்தது. இப்படியே விடலாமா? பழைய லொறி பற்றரி ஒன்றும் கிடக்கிறது, அதையும் சேர்க்கலாமா?
— வாசகர், நிலாவெளி

பதில்: தம்பி, மத்தியான வெயிலில் உங்கள் பழைய இரண்டும் 14 வோல்ற் அளவில் நின்றிருக்கும். கடையிலிருந்து வந்தது பாதிச் சார்ஜில், 13.1 அளவில் இருந்திருக்கும். 0.9 வோல்ற்தானே என்று நினைக்காதீர்கள். லிதியத்தின் உள் தடை மிகக் குறைவு. வயரையும் சேர்த்து 20 மில்லி ஓம் என்று வைத்தாலும் 45 அம்பியர் ஒரே பாய்ச்சலில் புதியதற்குள் போகும். அதன் பி.எம்.எஸ்., அதாவது பற்றரிக்குள் இருக்கும் பாதுகாப்புச் சுற்று, பயந்து கதவை மூடிக்கொண்டது, அவ்வளவுதான்.

மீற்றரில் ஒரே வோல்ற் காட்டினால் போதும் என்று சில வயரிங் ஆட்கள் சொல்வார்கள். இந்த ரகத்தில் அது பொய்க் கணக்கு. 30 வீதச் சார்ஜுக்கும் 90 வீதத்துக்கும் இடையில் வித்தியாசம் சுமார் 0.3 வோல்ற்தான். ஆகவே மூன்றையும் கழற்றி, ஒவ்வொன்றையும் தனித்தனியே நிரப்புங்கள். 14.4 வோல்ற்றுக்குப் போய், சார்ஜ் கரண்ட் நன்றாக இறங்கும்வரை விடவேண்டும். அப்புறம் சில மணி நேரம் சும்மா வைத்து அளந்து, 0.1 வோல்ற்றுக்குள் இருந்தால் மட்டும் பூட்டுங்கள். பூட்டும் நேரம் சோலாரும் இன்வேர்ட்டரும் கழன்றிருக்கட்டும். எத்தனை பற்றரிவரை சமாந்தரமாகப் பூட்டலாம் என்பதை அதன் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு வருட வயது வித்தியாசம் எனக்குக் கவலை இல்லை.

கவலை வயரில்தான். ஒன்றிலிருந்து அடுத்ததற்குத் தொடுத்து, முதல் பற்றரியிலேயே பிளஸ், மைனஸ் இரண்டையும் எடுத்திருந்தால் அந்த முதலாவது மற்றவற்றைவிட அதிகம் உழைக்கும். முதலாவதில் பிளஸ், கடைசியில் மைனஸ் என்று எடுப்பது இரண்டு பற்றரிக்குச் சரி. மூன்றுக்கு நான் பஸ்பாரைத்தான், அதாவது எல்லா வயரும் வந்து சேரும் செம்புப் பட்டையைத்தான் சொல்வேன்: பிளஸ்ஸுக்கு ஒன்று, மைனஸ்ஸுக்கு ஒன்று, ஒவ்வொரு பற்றரியிலிருந்தும் ஒரே நீளத்தில் 25 சதுர மில்லிமீற்றர் வயர்.

ஒவ்வொரு பிளஸ் முனையிலும், முனையை ஒட்டியே, 125 அம்பியர் பியூஸ் ஒன்று வேண்டும். ஒரு பற்றரிக்குள் ஷோர்ட் ஆனால் மற்ற இரண்டும் சேர்ந்து அதற்குள் கொட்டும், ஆயிரக்கணக்கான அம்பியர். வாகனத்தில் போடும் சின்னத் தகட்டு பியூஸ் அதை அறுக்காது, உருகினாலும் இடைவெளியில் பொறி எரிந்துகொண்டே இருக்கக்கூடும். கிளாஸ் ரி (Class T) ரகம் விலைதான், ஆனால் வாங்குங்கள். இன்வேர்ட்டருக்குப் போகும் பெரிய வயரிலும் தனியாக ஒரு பியூஸ் போடுங்கள். முழு லோட்டில் அது சுமார் 130 அம்பியர் இழுக்கும்.

கடலோரம் என்றபடியால் வயர் நுனியில் பூட்டும் லக் வெறும் செம்பாக வேண்டாம். உப்புக் காற்றில் போல்ட்டைச் சுற்றிப் பச்சை பூத்து, அந்த இடம் சூடேறும். வெள்ளீயம் பூசியது எடுங்கள். தகரக் கூரைக்குக் கீழே வைக்கவேண்டாம், 45 பாகைக்கு மேல் சார்ஜ் ஏற்றுவது இந்தப் பற்றரிக்கு ஆகாது.

எல்லாம் முடிந்ததும் கேத்தலைப் போட்டுவிட்டு, கிளாம்ப் மீற்றரை ஒவ்வொரு வயரிலும் மாட்டிப் பாருங்கள். முழு லோட் என்றால் அந்த 130 அம்பியர் மூன்றாகப் பிரிந்து, ஒவ்வொன்றிலும் நாற்பது சொச்சம் காட்டவேண்டும். ஒன்றில் 20, இன்னொன்றில் 60 என்றால், குறைவாகக் காட்டும் வயரின் லக்கைத்தான் முதலில் சந்தேகிக்கவேண்டும்.

லொறி பற்றரியைச் சேர்க்கவே வேண்டாம். நிரம்பிய அசிட் பற்றரி 12.7 வோல்ற்றில் நிற்பது, லிதியம் 13.3 வோல்ற்றில் நிற்பது. இரவு பகலாக லிதியம் அதற்குத் தீனி போட்டுக்கொண்டே இருக்கும். பழைய பற்றரி எடுப்பவரிடம் ஈய விலைக்குக் கொடுத்துவிட்டு, அந்தக் காசைப் பியூஸுக்குப் போடுங்கள்.