அணை நிரம்பியிருக்கும்போது டர்பனுக்கு இன்னோர் அணை எதற்கு?

"மிட்மார் அணை நிரம்பி வழிகிறது. அப்புறம் உம்கோமாஸி ஆற்றில் புது அணை எதற்கு?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

இன்றைய நீர்மட்டத்தைப் பார்த்து இந்தத் திட்டங்களைப் போடுவதில்லை. பல ஆண்டுகள் மழை பொய்த்தாலும் எவ்வளவு எடுக்கலாம் என்பதுதான் கணக்கு. தென்னாப்பிரிக்காவில் பெருநகரங்களுக்கு வழக்கமான அளவுகோல் 98 சதவீத உறுதி. அதாவது சராசரியாக 50 ஆண்டில் ஒருமுறைதான் தட்டுப்பாடு வரலாம்.

மிட்மார், ஆல்பர்ட் ஃபால்ஸ், நேகிள், இனாண்டா என்று நான்கு அணைகள் இருந்தாலும் நான்கும் உம்கேனி என்ற ஒரே ஆற்றில்தான் இருக்கின்றன. அந்த ஆறு காய்ந்தால் நான்குக்கும் கஷ்டம்தான். அதனால்தான் மூய் ஆற்றில் ஸ்பிரிங் குரோவ் அணை கட்டி, பம்பு வைத்து மிட்மார் பக்கம் நீரைத் தள்ளுகிறார்கள். உம்கோமாஸியும் அதே யோசனைதான், அளவில் பெரியது.

2016 தண்ணீர்க் கட்டுப்பாட்டின்போது, டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் எங்கள் வீட்டில் அரிசி கழுவிய தண்ணீர்கூடக் கறிவேப்பிலை மரத்துக்குத்தான் போனது. சரி, நாம் சொட்டுச் சொட்டாகச் சேர்க்கிறோம். நகரத்திலோ சுத்திகரித்த நீரில் ஏறத்தாழ பாதி, கசிவிலும் கணக்கில் வராத இணைப்புகளிலும் போகிறது. என்னைக் கேட்டால் முதலில் அந்தக் குழாய்களைத்தான் சரிசெய்யச் சொல்வேன். ஆனால் அணை கட்டிமுடிக்கப் பல ஆண்டுகள் ஆகும் என்பதால், அணை வேலையையும் இப்போதே தொடங்கியாக வேண்டும்.