சிக்கனை எவ்வளவு நேரம் ஊற வைத்தால் மசாலா உள்ளே இறங்கும்?

கேட்டவரின் பிரச்சினை சுருக்கமாக இது: ஞாயிற்றுக்கிழமை காலையில் கடைக்குப் போய் சிக்கன் வாங்கி வருகிறார். தயிர், எலுமிச்சை, மிளகாய்த்தூள், இஞ்சி பூண்டு விழுது, உப்பு எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுப் பிசறி ரெண்டு மணி நேரம் வைக்கிறார். வறுத்தால் மேலே மட்டும் காரம், உள்ளே சப்பென்று இருக்கிறது. கறியும் ரப்பர் மாதிரி இழுக்கிறது. நேரம் போதவில்லையோ என்று ஒரு தடவை ராத்திரி முழுக்க ஊற வைத்தால், மாவு மாதிரி உதிர்ந்துவிட்டதாம். சரியான நேரம் எது, எதில் ஊற வைப்பது என்று கேட்கிறார்.

மசாலா உள்ளே இறங்காது. ரெண்டு மணி நேரம் வைத்தாலும் சரி, ரெண்டு நாள் வைத்தாலும் சரி, மிளகாயும் மஞ்சளும் மல்லியும் கறியின் மேல்புறத்தில் சில மில்லிமீட்டருக்கு மேல் போவதில்லை. கணக்கில் எடுத்துக்கொள்ளும்படி உள்ளே போவது உப்பு ஒன்றுதான். அதனால் நீண்ட நேரத்தை உப்புக்குக் கொடுங்கள், மசாலாவுக்கு அரை மணி நேரம் போதும். ரெண்டையும் ஒரே பாத்திரத்தில் ஒரே நேரத்தில் கலப்பதால்தான் இந்தக் குழப்பமெல்லாம்.

சேலத்தில் என் வீட்டு முறையைச் சொல்கிறேன். ஒரு கிலோ கறிக்குத் தூள் உப்பு தலைதட்டி ரெண்டு டீஸ்பூன், அதாவது சுமார் 12 கிராம். கல் உப்பு என்றால் பொடித்துவிட்டு அளக்க வேண்டும், இல்லையென்றால் ஸ்பூன் கணக்கு ஏமாற்றிவிடும். வெறும் உப்பை மட்டும், வேண்டுமானால் ஒரு சிட்டிகை மஞ்சளோடு, எல்லாத் துண்டிலும் படும்படி தேய்த்து, மூடி, ஃபிரிட்ஜில் வைத்துவிடுவேன். அரை மணி நேரம் கழித்துத் திறந்து பார்த்தால் பாத்திரத்தின் அடியில் இளஞ்சிவப்பாகத் தண்ணீர் நிற்கும். நிறைய பேர் இதைப் பார்த்துவிட்டு வடித்து ஊற்றிவிடுகிறார்கள். ஊற்றாதீர்கள். உப்பு முதலில் கறியிலிருந்து நீரை வெளியே இழுக்கும், அந்த நீரில் தானே கரையும், பிறகு கரைசலாக மெல்ல உள்ளே திரும்பும். சில மணி நேரம் விட்டுத் திறந்தால் அந்தத் தண்ணீர் பெரும்பாலும் காணாமல் போயிருக்கும். துண்டைத் தொட்டால் விரலில் லேசாகப் பசை மாதிரி ஒட்டும். அதுதான் பக்குவம். கறியின் புரதம் இளகிவிட்டது, சூடு படும்போது முன்போல இறுகித் தன் சாற்றைப் பிழிந்து தள்ளாது. உப்பு போட்டுப் பத்து நிமிடத்தில் எண்ணெயில் போடுவதுதான் இருப்பதிலேயே மோசமான நேரம், ஏனென்றால் அப்போது தண்ணீரெல்லாம் வெளியே நிற்கிறது.

சிறு சிறு எலும்பில்லாத துண்டுக்கு உப்பில் ஒரு மணி நேரம் போதும். எலும்போடு இருக்கும் தொடைக்கும் லெக் பீஸுக்கும் நாலு முதல் எட்டு மணி நேரம். முழுக்கோழி என்றால் முந்தின ராத்திரியே தேய்த்து வைத்துவிடலாம். லெக் பீஸில் எலும்பைத் தொடும் வரை ரெண்டு மூன்று கீறல் போடச் சொல்வது மசாலா இறங்குவதற்காக என்று நினைக்கிறோம். உண்மையில் கீறினால் மேல்புறம்தான் அதிகமாகிறது. மசாலா ஒட்ட இடம் கூடுகிறது, அவ்வளவுதான். அதுவும் நல்லதே.

இனி அந்த ரப்பர் விஷயம். இதற்கு ஊற வைப்பது பாதிக் காரணம்கூட இல்லை. நம் ஊரில் கோழியைக் கண் முன்னால் அறுத்து, உரித்து, சூடு ஆறுவதற்குள் சிக்கன் 65-க்கான சின்னத் துண்டாக வெட்டிக் கொடுத்துவிடுகிறார்கள். “ஃப்ரெஷ் கறி” என்று நாமும் பெருமையாக வாங்கி வருகிறோம். அறுத்த கோழியின் தசை அடுத்த ஒன்றிரண்டு மணி நேரத்தில் விறைக்கும். சில மணி நேரம் கழித்துத்தான் மறுபடி தளரும். எலும்பிலிருந்து பிரித்துச் சின்னதாக வெட்டிவிட்டால் பிடித்து வைக்க எதுவும் இல்லாமல் தசை இன்னும் சுருங்கும். ஏழு மணிக்கு வாங்கி ஒன்பது மணிக்கு வாணலியில் போட்டால், விறைப்பு உச்சத்தில் இருக்கும்போது சமைக்கிறோம் என்று அர்த்தம். தயிரும் எலுமிச்சையும் அங்கே ஒன்றும் செய்ய முடியாது. சனிக்கிழமை சாயங்காலமே வாங்கி, உப்பு தேய்த்து, ஃபிரிட்ஜில் வைத்துப் பாருங்கள், வித்தியாசம் முதல் கடியிலேயே தெரியும். எங்கள் தெருமுனைக் கறிக்கடையில் நான் பெரிய துண்டாகக் கேட்டால் கடைக்கார அண்ணனுக்குப் பிடிக்காது. “என்னக்கா, சின்னதா வெட்டித் தரேன், சீக்கிரம் வேகும்ல?” என்பார். நான் நாலாக மட்டும் வெட்டி வாங்கி வந்து மறுநாள் வீட்டில் கத்திரிக்கோலால் துண்டு போட்டுக்கொள்கிறேன். புரட்டாசி முடிந்த முதல் ஞாயிறு அந்தக் கடை வாசலில் நிற்கும் கூட்டத்தைப் பார்த்தால், முந்தின நாளே வாங்குவதற்கு வேறு காரணமே தேவையில்லை.

கழுவுவது பற்றியும் சொல்லியாக வேண்டும். கோழியைக் கழுவினால் கிருமி போகாது, வேக வைத்தால்தான் போகும். குழாயைத் திறந்துவிட்டு அதன் அடியில் அலசினால் தெறிக்கும் நீரில் கிருமி சிங்க் முழுக்கப் பரவுகிறது, அருகில் சாலட் வெள்ளரி இருந்தால் அதிலும். ஆனால் கடையிலிருந்து வரும் கறியில் ரத்தக்கட்டி, எலும்புத் துணுக்கு, சில நேரம் இறகு எல்லாம் இருக்கும்போது கழுவாதே என்று யாரிடமும் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஒரு அகலமான பாத்திரத்தில் நீர் ஊற்றி மெதுவாக அலசி எடுங்கள். வடிதட்டில் கால் மணி நேரம் வையுங்கள். பிறகு சிங்க்கைச் சோப்புப் போட்டுத் தேய்த்துவிடுங்கள். நீர் வடியாத கறியில் போடும் உப்பும் நீர்த்துப்போகும், மசாலாவும் வழுக்கிக்கொண்டு போகும்.

எலுமிச்சையை ஊற வைக்கும் பொருளாகவே நான் நினைப்பதில்லை. அதன் புளிப்பு கடுமையானது. நெஞ்சுக்கறியில் சாறு பிழிந்து ஒரு மணி நேரம் விட்டால் ஓரமெல்லாம் வெளுத்து, அடுப்பில் வைக்காமலே வெந்தது போல் ஆகிவிடும். ராத்திரி முழுக்க விட்டால் நீங்கள் சொன்ன மாவுப் பதம்தான். சமைப்பதற்கு இருபது நிமிடம் முன்னால் பிழியலாம், அல்லது வறுத்து எடுத்த பிறகு மேலே பிழியலாம். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும், வாசனை அப்படியே நிற்கிறது.

தயிர் மென்மையான புளிப்பு, அதனால் பொறுத்துக்கொள்ளும். ஆனால் எந்தத் தயிர்? சித்திரை வெயிலில் சேலத்தில் காலையில் உறை ஊற்றினால் மதியத்துக்குள் கெட்டி, சாயங்காலம் புளிப்பு. ஏற்காட்டில் இருக்கும் என் நாத்தனார் வீட்டில் அதே உறை ராத்திரி முழுக்க இருந்தும் பால் வாசனையோடு இளசாக இருக்கும். “அண்ணி, நீங்க சொன்ன மாதிரியே செஞ்சேன், காரம் மட்டும் தெரியுது, புளிப்பே இல்ல” என்று ஒரு நாள் போனில் சொன்னாள். அளவு ஒன்றுதான், தயிர் வேறு. புளித்த தயிர் என்றால் ரெண்டு மணி நேரத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். புதுத் தயிர் என்றால் நாலைந்து மணி நேரம் தாராளமாக விடலாம். எதுவானாலும் துணியில் கட்டித் தொங்கவிட்டு நீரை வடித்துவிடுங்கள். வடிக்காத தயிர்தான் எண்ணெயில் போட்டதும் மசாலாவை உதிர்த்துக் கறியை வறுபடவிடாமல் வேக வைத்துவிடுகிறது.

ஏற்காட்டுக் குளிரை நம்பிக் கறியை வெளியே வைக்கும் பழக்கமும் அங்கே உண்டு. மார்கழி ராத்திரியில் கை விறைத்தாலும் அது ஃபிரிட்ஜ் ஆகாது. கிருமி பெருகாமல் இருக்க 5 டிகிரிக்குக் கீழே வேண்டும், மலையில் சமையலறைக்குள் அவ்வளவு குளிர்வதில்லை. மே மாதச் சேலத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், மேடையில் அரை மணி நேரம்கூட விடாதீர்கள்.

மசாலாவை அரை மணி நேரத்துக்குத்தான் பூசப் போகிறோம் என்பதால் அது நன்றாக ஒட்ட வேண்டும். மிளகாயின் காரமும் மஞ்சளின் நிறமும் எண்ணெயில் கரைபவை, தண்ணீரில் அல்ல. அதனால் தூளை முதலில் ரெண்டு ஸ்பூன் எண்ணெயில் குழைத்து, பிறகு இஞ்சி பூண்டு விழுதும் தயிரும் சேர்த்து, ஸ்பூனிலிருந்து வழியாத கெட்டியில் பூசுங்கள். செவ்வாய்ப்பேட்டை லீ பஜாரில் நல்ல காய்ந்த மிளகாய் வாங்கி, வெந்நீரில் ஊறப் போட்டு அரைத்தால் நிறத்துக்கு வேறு பொடி தேவைப்படாது. பாக்கெட் 65 மசாலா போடுபவர்கள் உறையைத் திருப்பிப் பாருங்கள், பெரும்பாலும் உப்பு சேர்ந்தே இருக்கும். ஏற்கெனவே உப்பில் வைத்த கறியில் அதைக் கொட்டினால் வாயில் வைக்க முடியாது. ஏற்காட்டு மிளகு கிடைத்தால் ஊறலில் வீணாக்காதீர்கள். கரகரப்பாக இடித்துக் கடைசியில் தூவினால்தான் அதன் வாசனை மிஞ்சும். மாவை ஊறும்போது சேர்க்கக் கூடாது, எண்ணெய் காய்ந்த பிறகு புரட்டினால் போதும். அரிசி மாவோடு பாதிக்குப் பாதி மரவள்ளிக் கிழங்கு ஸ்டார்ச் சேர்த்துப் பாருங்கள், மொறுமொறுப்பு சீக்கிரம் போகாது. ஜவ்வரிசி ஊரில் இருந்துகொண்டு சோள மாவையே பிடித்துத் தொங்குவானேன்.

பாத்திரம் எவர்சில்வரோ கண்ணாடியோ பீங்கானோ இருக்கட்டும். அலுமினியம் வேண்டாம், புளிப்போடு சேர்ந்தால் நிறமும் ருசியும் மாறும்.

பப்பாளிக்காய் போடலாமா என்று பலரும் கேட்பார்கள். பிராய்லருக்குத் தேவையே இல்லை. அது ஆறேழு வாரக் கோழி, ஏற்கெனவே இளசு. பப்பாளிப் பாலில் இருக்கும் நொதி சூடு ஏற ஏற வேகமெடுக்கும், வாணலியில் வைத்த பிறகும் கொஞ்ச நேரம் அரித்துக்கொண்டே இருக்கும். முற்றின கோழியைச் சுடப் போகிறீர்கள் என்றால் மட்டும் கிலோவுக்கு ஒரு டீஸ்பூன் விழுது, அரை மணி நேரம்.

நாட்டுக்கோழிக்கு இந்தக் கணக்கு எதுவும் ஒத்துவராது. மஞ்சள் பூசி நெருப்பில் வாட்டி வாங்கி வந்த சேவலின் முறுக்கு, வயதான தசைநாரில் இருக்கிறது. அது ஊறலில் இளகாது. ஈரத்தில் நீண்ட நேரம் வெந்தால்தான் இளகும். உப்பும் மஞ்சளும் போட்டு வைத்துவிட்டுக் குக்கருக்கு அனுப்புங்கள். ஏற்காட்டில் திறந்த சட்டியில் இன்னும் தாமதம், 1,500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் சுமார் 95 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது.

ஊற வைக்காமலே ருசி வருமா என்றால், பக்கத்து மாவட்டத்துப் பள்ளிபாளையம் சிக்கனைப் பாருங்கள். அதில் ஊறல் என்ற பேச்சே இல்லை. சின்னச் சின்னத் துண்டு, கிள்ளிப் போட்ட காய்ந்த மிளகாய், சின்ன வெங்காயம், தேங்காய்ச் சில்லு, கறிவேப்பிலை. மிளகாயின் காரம் எண்ணெயில் இறங்கி ஒவ்வொரு துண்டின் மேலும் படிகிறது. துண்டு சின்னது என்பதால் உள்ளே இறங்க வேண்டிய தேவையே இல்லாமல் போகிறது. அவசரத்துக்கு விருந்தாளி வந்தால் நான் 65 பக்கமே போகாமல் இதைத்தான் செய்கிறேன்.

கடைசியாக, பாத்திரத்தில் மிஞ்சும் ஊறல் மசாலா. அதில் பச்சைக் கறியின் சாறு இருக்கிறது. வறுத்த துண்டின் மேல் அப்படியே தடவாதீர்கள், அடுத்த வாரத்துக்கு எடுத்தும் வைக்காதீர்கள். தக்காளி வதக்கி அதில் ஊற்றி நன்றாகக் கொதிக்க விட்டால் தோசைக்குத் தொட்டுக்கொள்ள ஒரு கெட்டிக் குழம்பு ஆகிவிடும். உப்பு மட்டும் சேர்க்க வேண்டாம், ஏற்கெனவே இருக்கிறது.